ஒன்பதாவது காய்: அட்டப்பாடி எல்லையில் ஒரு நிகழ்வு ஆய்வு

காலை ஆறே காலுக்குப் போன் வந்தது. "ஏனுங் டாக்டரே, மாட்டுக்கு வாய் போச்சுங்க." கோமாரி வந்து வாய் வெந்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். வாய் கழுவும் மருந்தை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் கீழ்த்தாடை இல்லை.

மூன்றாம் ஈத்து, ஐந்து மாதச் சினை. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் உறைந்துவிட்டது, கருமருந்து வாடை மட்டும் போகவில்லை. மாடு தண்ணீர்த் தொட்டிக்குப் போகும், மூக்கை முக்கும், எடுக்கும், மறுபடி முக்கும். குடிக்க முடியவில்லை. சாளை ஓரத்தில் அதன் சொந்தக்காரப் பாட்டி உட்கார்ந்திருந்தார். இருளர் ஊரைச் சேர்ந்தவர், நான்கு வீட்டுக்குப் பால் ஊற்றி வாழ்பவர். ஒன்பது மணிக்குக் கால்நடை டாக்டர் வந்து பார்த்து, ஊசி போட்டு முடித்துவைத்தார். 'வெடிபொருளால் உண்டான காயம்' என்று சான்று எழுதினார்.

நான் டாக்டர் இல்லை. கேரளக் கால்நடைத் துறையில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக 29 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டு எல்லையில் ஆனைகட்டி சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்தின் அட்டப்பாடிக்குள் வந்தால் தமிழ் பேசும் தோட்டக்காரர்களும் இருளர் ஊர்களும் மலையாளக் குடும்பங்களும் கலந்து கிடக்கும் சரிவு ஒன்று உண்டு. அங்கேதான் இது நடந்தது, 2021இல். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. வழக்கு முடியவில்லை, ஊரும் சின்னது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டின் வாயைப் பறித்தது அவுட்டுக்காய். மலையாளத்தில் பன்னிப்படக்கம் என்பார்கள். இரைக்குள் ஒளித்து வைப்பார்கள், கடித்தால் வெடிக்கும். இதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வரிகூட இந்தக் கட்டுரையில் இருக்காது. எதைக் கொண்டு செய்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எல்லாம் எழுதுவது என் உரிமை என்று யாராவது வாதாடலாம். அந்த உரிமையை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

துப்பாக்கி இருந்த வீடு

மாடு மேய்ந்த இடத்துக்கு மேல்பக்கம் ஒரு பெரியவரின் தோட்டம். ஊரே அவரை அப்பாரு என்றுதான் கூப்பிடும். நிலக்கடலை, மரவள்ளி, துவரை, ஓடைக்கரையில் கொஞ்சம் வாழை. அவரிடம் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தோடு ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது, குழல் வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பும் பழைய வகை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அந்த வகைத் துப்பாக்கியைத் தனியாகவே குறிப்பிடுகிறது. உண்மையாகவே பயிரைக் காக்கத்தான் கேட்கிறார் என்று அதிகாரிக்குத் திருப்தியானால் உரிமம் கொடுக்கலாம் என்கிறது.

உரிமம் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு அல்ல. வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுட்டால் குற்றம். அதனால் அப்பாரு பெரும்பாலும் பரண் மீது உட்கார்ந்து வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார். அந்தச் சத்தத்துக்குச் சுற்றிலும் நாலு தோட்டத்துப் பன்றி ஓடும். ஒரு முறை மருந்து இடித்துச் சுட்டால் அடுத்ததற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அவசரக்காரன் கைக்கு ஒத்துவராத ஆயுதம் அது.

தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார், ரசீது வாங்குவார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். இன்றும் அதுதான் வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடத்தை விதி அமலில் இருந்தது. பக்கத்து ஊரில் உரிமம் வைத்திருக்கும் மூன்று பேரும் அத்தனை நாளும் தகரம் தட்டித்தான் காவல் காத்தார்கள். பன்றிக்குத் தேர்தல் தெரியாது. ஆனாலும் அந்த மூன்று பேரில் ஒருவர்கூட ஒப்படைக்க மறுக்கவில்லை. கட்டுப்பாட்டுக்கு இணங்கி வாழும் ஆட்கள் யார் என்று தெரிய வேண்டுமென்றால் அந்த ரசீதுகளைப் பார்த்தால் போதும்.

2017இல் அப்பாரு காலமானார். உரிமதாரர் இறந்தால் ஆயுதத்தைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 21ஆம் பிரிவு. காரியம் முடிந்த மறுநாளே மகன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் மாற்றித் தர வழி இருக்கிறது. மகன் மனுப் போட்டார். மனு எழுத நான் உதவினேன். இரண்டு வருடம் கழித்து, போலீஸ் அறிக்கை சாதகமாக இல்லை என்று நிராகரித்து ஒரு கடிதம் வந்தது. மாவட்டத் தலைநகருக்குப் பத்து முறையாவது போய் வந்திருப்பார். ஒரு முறைகூட யாரும் உட்காரவைத்துக் காரணம் சொல்லவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சம் அல்ல. காரணம் என்ன என்பது பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

துப்பாக்கி போனதால்தான் பன்றி பெருகியது என்று சொல்லமாட்டேன். தரிசு பெருகியது, உண்ணிச்செடிப் புதர் பெருகியது, வெளியூர் வேலைக்குப் போன வீடுகளின் நிலம் காடாகிப் பன்றிக்குக் குடியிருப்பானது. ஆனால் அந்தச் சரிவில் ராத்திரிச் சத்தம் நின்றது 2017இல்தான். மூன்று போகத்துக்குள் அப்பாரு குடும்பம் கடலை போடுவதை விட்டது. மரவள்ளியில் பாதியைப் பன்றி எடுத்தது. தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டிப் பார்த்தார்கள், முடி தூவிப் பார்த்தார்கள். கடைசியில் கீழ்ப்பக்கம் ஒன்றரை ஏக்கரை ஒரு இளைஞருக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டார்கள்.

"என் நிலத்துல வெச்சேன்"

அந்த இளைஞர் கெட்டவர் அல்ல. கோவையில் மில் வேலை போய் ஊர் திரும்பியவர். இரண்டு குழந்தைகள். தங்க நகையை அடகு வைத்து மரவள்ளி போட்டிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பைக்கில் வந்த ஒருவரிடம் ஒன்பது காய் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் கூலிக்கு மூன்று காய். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பைக் நம்பரைப் பார்க்கவில்லை.

மாடு செத்த அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வு முழுக்க அந்த வார்த்தைகளைச் சுற்றித்தான்: "நான் பாட்டம் குடுத்து எடுத்த நிலமுங்க. உள்ள வர்ற பன்னிக்கு வெச்சேன். ஊருக்குள்ள வெச்சனா, ரோட்டுல வெச்சனா? என் நிலத்துல வெச்சேன். மாடு ஏன் உள்ள வந்துச்சு?"

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பயிரைக் காக்கும் கடமை அரசுக்கு இருந்தால் அரசு காக்கவில்லை. காக்கும் உரிமை அவருக்கு இருந்தால் அதற்கான கருவி எதையும் சட்டம் அவர் கைக்கு எட்டவைக்கவில்லை. புதிதாகத் துப்பாக்கி உரிமம் கேட்டு வருடக்கணக்கில் காத்திருக்க அவருடைய பாட்டக் கெடுவே இரண்டு வருடம்தான். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். பாட்டிக்கு மாட்டு விலையைக் கொடுத்துவிட்டு விஷயத்தை இதோடு விடலாம் என்று பேச்சு முடியும் நேரம்.

அப்போது பாட்டி ஒன்று கேட்டார். "எத்தனை வெச்ச?"

ஒன்பது. வெடித்தது ஒன்று. மற்றது எங்கே? அவர் தலையைத் தூக்கவில்லை. அன்று விடியற்காலையில் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். வைத்த இடத்தில் ஆறுதான் இருந்தன. இரண்டைக் காணோம்.

அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் யாரும் 'என் நிலம்' என்று பேசவில்லை. வைத்தவருக்கே தெரியாத இடத்தில் இரண்டு காய் கிடக்கிறது. நரி தூக்கியிருக்கலாம், நாய் தூக்கியிருக்கலாம், கடிக்காமல் கவ்விப்போய் எங்காவது போட்டிருக்கலாம். அந்தச் சரிவின் கீழேதான் அங்கன்வாடிக்குப் போகும் பாதை.

நானும் இன்னும் இரண்டு பேரும் அவரை ராத்திரி முழுக்க உட்காரவைத்துப் பேசி, விடிந்ததும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனோம். பாம் ஸ்குவாட் வந்து ஆறையும் எடுத்தது. 1908ஆம் ஆண்டு வெடிபொருள்கள் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். வெடிபொருளைக் கையில் வைத்திருந்தவர் அது சட்டபூர்வமான காரியத்துக்குத்தான் என்று தானே நிரூபிக்க வேண்டும் என்கிற சட்டம் அது. 17 நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அவர் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிட்டவர். இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆறுதலும் இல்லை என்பதும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஓடைக்கு அக்கரையில், பாறை இடுக்கில், எட்டாவது காய் கிடைத்தது. ஆடு மேய்த்த பையன் பார்த்திருக்கிறான். ஊரில் படம் காட்டிச் சொல்லிவைத்திருந்ததால் தொடாமல் ஓடி வந்தான். வைத்த இடத்திலிருந்து கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர்.

ஒன்பதாவது கிடைக்கவில்லை.

யானை செத்தபோது பேசியது

இதற்கு முந்தைய வருடம் நாடே இதே காயைப் பற்றிப் பேசியது. 2020 மே 27, எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் மண்ணார்க்காடு வனக்கோட்டம், திருவிழாங்குன்றுக்கு அருகே வெள்ளியாறு. சுமார் 15 வயதுள்ள சினை யானை ஆற்றுத் தண்ணீருக்குள் வாயை வைத்து நின்றபடியே செத்தது. வாய்க்காயம் இரண்டு வாரத்துக்கு முந்தையது, அத்தனை நாளும் அது ஒன்றும் தின்னவில்லை. அன்னாசிப் பழத்துக்குள் வெடி வைத்து யாரோ வேண்டுமென்றே யானைக்கு ஊட்டினார்கள் என்று செய்தி பரவியது. மாவட்டத்தின் பெயரைக்கூட மலப்புறம் என்று மாற்றிச் சொல்லி ஒரு சமூகத்தின் மீது பழி போட்டார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு: தேங்காய்க்குள் வைத்த வெடி, பன்றிக்கு வைத்தது.

எங்கள் பக்கம் பழகியவர்களுக்கு அது முதல் நாளே தெரியும். யாரும் யானைக்கு வைப்பதில்லை, மாட்டுக்கு வைப்பதில்லை. 2023 மார்ச்சில் காரமடைப் பக்கம் வாய்க்காயத்தோடு சுற்றிய பெண் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அதுவும் பிழைக்கவில்லை. வைத்தவரை அரக்கன் என்று திட்டிவிட்டால் நமக்கு மனசு ஆறும். ஆனால் அரக்கத்தனம் அந்தக் காயின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்குப் பன்றியும் மாடும் ஒன்று.

வெடிபொருள்கள் சட்டம் பிறந்த கதையிலும் இதே வலி உண்டு. 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் குதிராம் போசும் பிரபுல்ல சாக்கியும் நீதிபதி கிங்ஸ்போர்டைக் குறிவைத்து வண்டி மீது குண்டு எறிந்தார்கள். வண்டியில் இருந்தது அவர் இல்லை, இரண்டு பெண்கள். இருவரும் இறந்தார்கள். ஜூன் மாதமே சட்டம் வந்துவிட்டது. குதிராமின் தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அவருக்கு என் மனதில் எப்போதும் இடமுண்டு. தப்பான வண்டி என்று தெரிந்தபின் திரும்பக் கூப்பிட முடியாத ஆயுதம் எது என்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் எதைப் பார்க்கிறது

ஆயுதம் வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் போல இங்கே எதுவும் இல்லை என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், உரிமமில்லாத துப்பாக்கிகளைப் பற்றிய வழக்கொன்றில், எடுத்துச் சொன்னது. நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அமைதியாக, ஆயுதமில்லாமல் கூடும் உரிமையைத் தருகிறது. சீக்கியர் கிர்பான் என்னும் குறுவாளை அணிவதை 25ஆம் பிரிவு மத உரிமையாக ஏற்கிறது. அவ்வளவுதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூட்டம் கூடினால் வெறும் கையோடு கூடு என்று எழுதிவைத்தவர்கள் நம்மை நன்றாக அறிந்தவர்கள்.

அதே நேரம், 1878இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்து இந்தியரை மட்டும் கட்டியது. நிராயுதபாணியாக்குவது என்பது ஒரு ஜனத்தை நம்பாததன் அடையாளமாகவும் இருக்கும் என்பதை நம் பாட்டன்மார் அனுபவித்திருக்கிறார்கள். எங்கள் மலைக்கு வடக்கே குடகில் மட்டும் பிரிட்டிஷ் காலத்து விலக்கு இன்னும் நீடிக்கிறது. கொடவர்களும் ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களும் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி, எந்த வீட்டில் என்று எல்லாருக்கும் தெரியும். அட்டப்பாடிக்காரன் அதைக் கேட்டால் கிடைக்காது, கேட்கவும் மாட்டேன்.

நான் கேட்பது வேறு. சட்டம் ஆளைப் பார்ப்பதுபோல ஆயுதத்தின் குணத்தையும் பார்க்க வேண்டும். சில இடங்களில் ஏற்கெனவே பார்க்கிறது. ஏர் கன் விஷயத்தில் 2016 விதிகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன: 20 ஜூலுக்கு உள்ளே, 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டத்துக்கு உள்ளே இருந்தால் உரிமம் வேண்டாம், தாண்டினால் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வெடியைத் தூண்டும் மின் டெட்டனேட்டர்களைத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் நாடு முழுக்கத் தடை. கல்குவாரிக்காரர்கள் வேறு வகைக்கு மாறிக்கொள்ள வேண்டும். குவாரி ஓடுகிறது, திருட்டுக்கையில் கிடைத்தால் ஆபத்தான பொருள் மட்டும் வழக்கொழிகிறது. பட்டாசுத் தொழிலிலும் ஒரு குறிப்பிட்ட கலவைக்கு 1992 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடை கிராமம் வரை இறங்கி வந்திருந்தால் பைக்கில் வந்தவனிடம் விற்கச் சரக்கு இருந்திருக்காது என்பது என் எண்ணம். வாளையாறு எல்லைச் சாவடியில் லாரி லாரியாகச் சோதனை போட்டு ஜெலட்டின் குச்சி பிடிக்கிறார்கள், நல்லது. ஒரு தோள்பையில் எல்லை தாண்டும் சின்ன வெடிக்கு அப்படி ஒரு கண் இல்லை. எங்கள் வழக்கிலும் அதுவே நடந்தது. வாங்கியவர் ஒரு மாநிலம், விற்றவர் இன்னொரு மாநிலம். இந்தப் பக்கத்துக் கோப்பில் விற்றவரைப் பற்றி இருப்பது ஒரே வரி: 'அடையாளம் தெரியாத நபர்.' எதிரி கூண்டில் நிற்பது தோட்டக்காரர் மட்டும்.

துப்பாக்கியில் ஒரு கை வேண்டும், ஒரு கண் வேண்டும். தப்பு நடந்தால் எந்த வீட்டுத் துப்பாக்கி என்று நம்பரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அவுட்டுக்காய்க்கு இது எதுவும் கிடையாது. வைத்தவன் தூங்கப் போய்விடுவான், அது விழித்துக் கிடக்கும். வேலிக்குக் கள்ளத்தனமாக மின்சாரம் கொடுப்பதும் அதே ஜாதிதான். 2025 ஜூனில் நிலம்பூரை அடுத்த வழிக்கடவில் மீன் பிடிக்கப் போன 15 வயதுப் பையன், பன்றிக்கு வைத்த கம்பியில் மின்சாரம் தாக்கிச் செத்தான். ஆள் இல்லாமல் கொல்லும் எந்தக் கருவிக்கும் தனிமனித உரிமை என்ற பேச்சே கூடாது, ஒரு துளிகூட. என் நிலம் என்றாலும் கூடாது. ஆள் நின்று, பார்த்து, பொறுப்பேற்றுப் பயன்படுத்தும் கருவிக்கு உரிமம் கிடைக்கும் பாதையை அடைத்துவைத்தால், மக்கள் முதல் வகைக்குத்தான் போகிறார்கள். எங்கள் சரிவில் 2017க்கும் 2021க்கும் நடுவே நடந்தது அதுதான்.

கேரள அரசு 2022 மே மாதம் இதைப் பாதி உணர்ந்தது. பஞ்சாயத்துத் தலைவருக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்தான் சுட வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும் என்று அறிவித்தார்கள். இரண்டும் நல்ல திசைதான். ஆனால் இங்கே சுட ஆள் எங்கே? எங்கள் பஞ்சாயத்துப் பட்டியலில் இருப்பவர் வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி. பன்றி வந்துவிட்டது என்று போன் செய்தால், அவர் ஜீப் பிடித்து வருவதற்குள் ஒரு பாத்தி மரவள்ளி முடிந்திருக்கும்.

மருமகள் சொன்னது

இவ்வளவையும் ஒரு மனுவாக எழுதி, அப்பாரு மகனுக்கு உரிமம் கொடுத்திருந்தால் மாடு செத்திருக்காது என்று வாதாடலாம் என்று 2022 கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன் தோட்டத்தில் இருந்தார். மருமகள் டீ வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"டாக்டருங்க, ஒன்னு சொல்றன், கோவிச்சுக்காதீங்க. அவருக்குக் குடுக்காததே நல்லதுங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் சொன்னார். 2014இல் பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு. குடித்துவிட்டு வந்த மகன், ஆணியில் மாட்டியிருந்த அப்பாருவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே மருந்து இல்லை. எதிரில் நின்றவருக்கு அது தெரியாது. அப்பாரு வந்து பிடுங்கினார். வழக்கு ஆகவில்லை, ஸ்டேஷனில் பேசி எழுதி வாங்கி அனுப்பினார்கள். அந்தத் தாள்தான் ஐந்து வருடம் கழித்து உரிம அறிக்கையில் பேசியது.

"அன்னிக்கு ராத்திரி நான் புள்ளைங்களக் கூட்டிட்டு எங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டனுங்க. துப்பாக்கி ஊட்ல இருக்கறப்ப எனக்குத் தூக்கமே கெடையாது."

நான் எழுதிக் கொடுத்த மனுவில் இது இல்லை. மகன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் கடிதம் அனுப்பியது அந்த அலுவலகத்தின் தப்பு என்று இன்றும் சொல்வேன். ஆனால் முடிவு தப்பில்லை. பன்றிக்கு எதிரே ஒரு நியாயமும் வீட்டுக்குள்ளே இன்னொரு நியாயமுமாக அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு முகம் இருந்தது. வாசலில் நின்று பார்த்த எனக்கு ஒரு முகம்தான் தெரிந்தது. ஆயுதத்தைப் பற்றிப் பேசும் ஆண்கள் பலருக்கும் ஒரு முகம்தான் தெரிகிறது. சட்டம் வரைபவர்கள் வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரைந்தால் நன்றாக இருக்கும் என்பது அன்றிலிருந்து என் கருத்து.

டீ ஆறிவிட்டது. நான் எழுந்தபோது அவர் தொடர்ந்தார். "ராத்திரி பரண்ல உக்காந்து தகரம் தட்றது ஆருங்க? நானும் அத்தையுந்தான். அவரு ஏழு மணிக்கே படுத்துருவாரு. குடுக்கறதுன்னா எம்பேர்ல குடுக்கச் சொல்லுங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

2023இல் அவர் பெயரில் மனுப் போட்டோம். இந்த முறை 2014இல் நடந்ததை நாங்களே முதல் பக்கத்தில் எழுதினோம். பூட்டும் இரும்புப் பெட்டி வாங்கியதற்கு ரசீது வைத்தோம். துப்பாக்கி மருந்தும் ரவையும் வீட்டில் வைக்காமல் அத்தை வீட்டில் தனியாகப் பூட்டுவதாக எழுதிக் கொடுத்தார். 2016 விதிகளின்படி மருத்துவச் சான்றும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். பயிற்சிக்கு நானே அழைத்துப் போனேன். வகுப்பில் ஒரே பெண். ஆண்கள் குறி பார்ப்பது பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது: "இருட்டுல ரெண்டு கண்ணு மின்னுதுன்னா பன்னியா, கன்னுக்குட்டியான்னு எப்படிங்க தெரியும்?"

"தெரியலைன்னா சுடாதீங்க," என்றார் பயிற்சி கொடுத்தவர்.

அவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. போலீஸ் அறிக்கை சாதகமாகப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். அப்பாருவின் துப்பாக்கி ஒப்படைத்த இடத்திலேயே கிடக்கிறது. பரணில் தகரம்தான் ஒலிக்கிறது.

பாட்டிக்கு மாட்டு விலையில் முக்கால் பங்கு வந்தது, அந்த இளைஞர் மனைவியின் தாலிக்கொடியை விற்றுக் கொடுத்தது. அதை வாங்க பாட்டி இரண்டு நாள் யோசித்தார். இப்போது மாடு இல்லை, நாலு ஆடு வைத்திருக்கிறார். பாட்டத்தைக் குடும்பம் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒன்றரை ஏக்கரில் ஓடைப்பக்கம் பத்து சென்ட் மூலை மட்டும் 2021க்குப் பிறகு உழவில்லை. டிராக்டர்காரர் அங்கே வந்ததும் ஏரைத் தூக்கிக்கொண்டு திருப்பிவிடுவார். மழையில் நனைந்து எப்போதோ செத்திருக்கும் என்கிறார்கள் சிலர். இருக்கலாம். போன மாதம் போனபோது அந்த மூலையில் தானாக முளைத்த துவரை காய்த்து நின்றது. பறிக்க யாரும் இறங்கவில்லை.